வட்டம் மறைத்த 14,000 ரூபாய்

கேள்வி: கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். செலவுக் கணக்குச் செயலி தரும் வட்ட விளக்கப்படத்தை மாதந்தோறும் பார்க்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கடன் தவணை 25 சதவீதம்தான். ஆனாலும் பணம் போதவில்லை. மைத்துனரின் கடைக்காக என் பெயரில் கடன் வாங்கியிருக்கிறேன், கிரெடிட் கார்டிலும் 45,000 பாக்கி. வங்கியில் 60,000 வைப்புத்தொகை உண்டு. முதலீட்டுப் பங்கு குறைவு என்று செயலி பரிந்துரைக்கும் புதிய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதந்தோறும் ஒரு தொகை போடும் முதலீடு) தொடங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய ஏப்ரல் படத்தில் முழு வட்டம் 60,000 ரூபாய், அக்டோபரில் 76,000. இரண்டையும் செயலி ஒரே அளவில் வரைந்துவிடுவதால், 15,000 ஆக இருந்த தவணை 19,000 ஆனதும், சம்பளத்துக்கு மேல் 14,000 செலவானதும் உங்கள் கண்ணில் படவில்லை. சம்பளத்தோடு ஒப்பிட்டால் தவணை 24 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 31 ஆகியிருக்கிறது. ஒரு மாதச் செலவின் பங்கீட்டை மட்டும் சொல்லும் படத்தைக் கொண்டு இரண்டு மாதங்களை ஒப்பிடும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

ஒரே மாதத்துக்குள்ளும் உங்கள் பன்னிரண்டு வகைகளுக்கு வட்டம் பொருந்தாது. 7 சதவீதத்துக்கும் 9 சதவீதத்துக்கும் இடையே சுமார் 7 பாகைதான் வித்தியாசம். கோணத்தைவிட, ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் நீளங்களையே மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்பதை கிளீவ்லண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் 1984-இலேயே சோதித்துக் காட்டினார்கள். ஆகவே பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டை விளக்கப்படம் வரையுங்கள். சதவீதத்தை அல்ல, ரூபாயை எழுதுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஏப்ரல், அக்டோபர் பட்டைகள் அருகருகே இருக்கட்டும்.

அப்படி வரைந்தால், மைத்துனர் கடனின் 4,000 ரூபாய்த் தவணை தனிப் பட்டையாக நிற்கும். அதை உங்கள் வீட்டுக்கடனோடு சேர்த்து 'கடன்' என்று ஒரே நிறம் பூசியதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கடன் உங்கள் பெயரில் இருப்பதால் தவணை தவறினால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) உங்களுக்குத்தான் இறங்கும். தவணைத் தேதிக்கு முன்பே பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும் என்று அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உறவு கெடும் என்று தயங்கினால் சுமை உங்கள் பிள்ளைகள் மீதுதான் விழும்.

கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 45,000-க்கு ஏறக்குறைய 1,575 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆண்டுக்கு 42 சதவீதம் கேட்கும் கடனை வைத்துக்கொண்டு, 12 சதவீதம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் ஃபண்டில் பணம் போடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. படத்தில் ஒரு துண்டு சிறிதாகத் தெரிவது முதலீட்டுக்குக் காரணமாகாது. வைப்புத்தொகையை முறித்துக் கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். மீதி 15,000-ஐத் தொடாமல் வையுங்கள். மாதச் செலவு 62,000-க்குள் வரும்வரை எஸ்.ஐ.பி. வேண்டாம்.