இன்னொரு கோர்ஸ் இப்போது வேண்டாம் தம்பி

காவேரிப்பட்டணத்திலிருந்து நீ அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். பி.சி.ஏ. முடித்துவிட்டாய். வேலைத் தேர்வில் ஆப்டிட்யூட் சுற்றைத் தாண்டிவிடுகிறாய், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லில் கேள்வி வந்தால் கை நின்றுவிடுகிறது. அப்பா கடன் வாங்கியாவது பெங்களூரில் கோர்ஸ் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல். நீ எழுதி அனுப்பிய கேள்விகளைப் பார்த்தால், உனக்குப் பிடிபடாதது ஒன்றுதான்: மெனி-டு-மெனி உறவு.

மாணவர், பாடம் என்ற புத்தக உதாரணத்தை விடு. உங்கள் ஊர் மாந்தோப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயியிடம் பல ரகம் இருக்கும். ஒரே ரகம் பல விவசாயிகளிடம் இருக்கும். விவசாயிக்கு ஒரு டேபிள் (அட்டவணை), ரகத்துக்கு ஒரு டேபிள், இரண்டையும் இணைக்க மூன்றாவதாக ஒரு டேபிள். அதில் ஒரு வரிசைக்கு ஒரு விவசாயி எண், ஒரு ரக எண். சரி, மரங்களின் எண்ணிக்கையை எங்கே வைப்பாய்? விவசாயி டேபிளில் வைத்தால் எந்த ரகம் என்று தெரியாது. ரக டேபிளில் வைத்தால் யாருடையது என்று தெரியாது. இணைப்பு டேபிளில்தான் அதற்கு இடம். இன்டர்வியூவில் இதைக் காரணத்தோடு சொல்கிற பையனைக் கேட்பவர் கவனிப்பார்.

இப்போது கேள்வி: அல்போன்சா, பெங்களூரா என்ற இரண்டு ரகத்தையும் வைத்திருப்பவர்கள் யார்? மூன்று டேபிளையும் ஜாயின் செய்துவிட்டு (எண்களைப் பொருத்தி ஒன்றாக்கிவிட்டு), எந்த வரிசை வேண்டும் என்று நிபந்தனை சொல்லும் 'வேர்' (WHERE) பகுதியில் ரகம் அல்போன்சா 'அண்ட்' ரகம் பெங்களூரா என்று எழுதுவாய். ஒரு வரிசைகூட வராது. ஏனென்றால் 'வேர்' ஒவ்வொரு வரிசையாகத்தான் பார்க்கிறது. ஒரு வரிசையில் ஒரு ரகம்தானே இருக்கிறது! 'அண்ட்' இருக்கும் இடத்தில் 'ஆர்' போட்டால் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருப்பவரும் வந்துவிடுவார்.

அதனால் 'ஆர்' போட்டு இரண்டு ரக வரிசைகளையும் எடு. விவசாயி எண்ணை வைத்து 'குரூப் பை' செய், ஒவ்வொரு விவசாயியின் வரிசைகளும் ஒரு குழுவாகும். அப்புறம் குழுக்களுக்கு நிபந்தனை சொல்லும் 'ஹேவிங்'கில், வெவ்வேறு ரகங்களின் எண்ணிக்கை 2 என்று கேள். எண்ணுகிற 'கவுண்ட்'டுக்குள், ஒரே ரகத்தை ஒரு தடவை மட்டும் எண்ணச் சொல்லும் 'டிஸ்டிங்க்ட்' போட மறக்காதே. நாளைக்கே அந்த டேபிளில் ஆண்டு என்று ஒரு நெடுவரிசை (column) சேர்ந்தால், ஒரே விவசாயிக்கு அல்போன்சா 2023-க்கு ஒரு வரிசை, 2024-க்கு ஒரு வரிசை என்று வரும். சும்மா எண்ணினால் 2. பெங்களூரா ஒரு மரம்கூட இல்லாதவர் பட்டியலில் ஏறிவிடுவார். எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். வேலையில் நிஜமாகவே ஆபத்தானது இந்த மாதிரி தப்புதான்.

ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது, தகவலை இப்படி டேபிள்களாக வைத்து இணைக்கிற இந்த ரிலேஷனல் முறை. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன, இது நிற்கிறது. டெஸ்டிங், பேக்எண்ட், டேட்டா அனலிஸ்ட் என்று எந்தப் பக்கம் போனாலும், ஒசூரில் சேர்ந்தாலும் பெங்களூரில் சேர்ந்தாலும் இது கைகொடுக்கும். எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். டேபிளை நீயே உருவாக்கி, பத்து இருபது வரிசை கையால் போடு. குவரியை (எஸ்.கியூ.எல்.லில் எழுதிய கேள்வியை) ஓட்டுவதற்கு முன்னால் என்ன விடை வர வேண்டும் என்று நோட்டில் எழுதிவை. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் உட்கார்ந்து யோசி. தமிழ் மீடியம் என்று கவலைப்பட்டிருந்தாய். இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் புரிந்தவன் சொல்வது கேட்பவருக்குத் தெரியும்.

அடுத்து இதை முயன்று பார்: செந்தூரா மரமே இல்லாத விவசாயிகள் யார்? ரகம் செந்தூரா இல்லை என்று 'வேர்' போட்டால், செந்தூராவும் நீலமும் வைத்திருப்பவர் நீலம் வரிசை வழியாக உள்ளே வந்துவிடுவார். அப்படி ஒரு வரிசையே இல்லையா என்று பார்க்கும் 'நாட் எக்சிஸ்ட்ஸ்' வைத்து எழுதி எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு கோர்ஸ் தேவையா என்று அப்பாவிடம் நானே பேசுகிறேன்.