அசையாமல் இருப்பது அடம் அல்ல

கேள்வி: மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 24 வயது. நான்கு நாளாகப் பேச்சில்லை. கண்ணைத் திறந்தபடி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கையைத் தூக்கிவிட்டால் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. சோறு ஊட்டினால் பல்லைக் கடிக்கிறாள், தண்ணீரும் இரண்டு மிடறுதான். கோவிலில் நூல் கட்டினோம். அயலில், "அடம் பிடிக்கிறாள், இரண்டு அடி போட்டால் சரி" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மல்லாவியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னால் மறுக்காதீர்கள். நான்கு நாள் சரியாகத் தண்ணீர் குடிக்காத உடம்பு இது, சிறுநீரகம் தாங்காது.

நேரில் பார்க்காமல் நோயை முடிவுசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது கற்றடோனியா என்ற நிலையோடு நன்றாகப் பொருந்துகிறது. 1874-இல் கால்பவும் என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். அசைவையும் பேச்சையும் தொடங்கிவைக்கும் மூளைச் சுற்றுகள் இதில் பிசகிவிடுகின்றன. வைத்த இடத்தில் கை நிற்பது, மெழுகுபோல் வளைவது, ஊட்டினால் எதிர்ப்பது, சிலரிடம் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வது எல்லாம் இதன் அடையாளங்கள். அடித்தால் மாறாது, அவளுக்கு நோகும். பேசாவிட்டாலும் பலருக்கு நடப்பதெல்லாம் விளங்கும். குணமான பிறகு, பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே அவள் முன்னால் அவளைப் பற்றிப் பேசும்போது கவனம்.

வன்னியில் எனக்குள்ள பெரிய கவலை வேறு. 2009-க்குப் பிறகு, ஒடுங்கிப்போய்ப் பேசாமல் இருப்பவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். "கவலைதான், விடுங்கோ" என்று சொல்லிப் பழகிவிட்டது. கடும் மனச்சோர்விலும் கற்றடோனியா வரும், உண்மைதான். ஆனால் மூளை அழற்சி, வலிப்பு, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), சில மருந்துகளைத் திடீரென நிறுத்தியது ஆகியவற்றாலும் வரும். அதனால் இரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன், மூளை அலைப் பதிவு என்று கேட்டால் "மனநோய்க்கு ஏன் இது" என்று நினைக்காதீர்கள்.

போகும்போது அவள் குடித்த எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டுக்கொண்டு போங்கள். கை அந்தரத்தில் நிற்பதை போனில் ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்திருங்கள். வைத்தியர் பார்க்கும் நேரத்தில் அந்த அடையாளம் மறைந்திருக்கலாம். அப்புறம், வாயைத் திறந்து கஞ்சியோ தேத்தண்ணியோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் எண்ணெய் பூசி உருவ வேண்டாம். அசையாமல் கிடப்பவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டும். அந்தக் கட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிராபத்து. வீக்கத்தை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. லொராசெபாம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் சிலர் பத்து நிமிடத்திலேயே வாய் திறந்து தண்ணீர் கேட்பார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. பலருக்குச் சில நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அதே மாத்திரையை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு கூடினால் மூச்சைக் குறைக்கும். முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த மனநோய் மாத்திரையும் வேண்டாம். அவற்றில் சில, இந்த நிலையில் கடும் காய்ச்சலையும் உடல் விறைப்பையும் கொண்டுவந்து உயிரை எடுக்கலாம்.

மருந்துக்கு மசியாவிட்டால் மின் சிகிச்சை பற்றிச் சொல்வார்கள். "கரண்ட் பிடிக்கிறது" என்றதும் வீட்டில் பயந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தித்தான் செய்வார்கள், அவளுக்கு வலிக்காது. அதன்பின் கொஞ்சக் காலம் ஞாபகமறதி இருக்கலாம். கற்றடோனியாவுக்கு இதைவிட வலுவான சிகிச்சை இல்லை. எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளி என்று விடுதி வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கோவில் நூல் கையில் இருக்கட்டும், அவிழ்க்க வேண்டியதில்லை.