வெள்ளத்துக்கு ‘கிட்’ வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் முடிச்சூரில் எங்கள் தெருவில் 42 வீடுகள். வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வீட்டுக்கு 4,500 ரூபாய் கட்டினால் அவசரகால கிட், ஒருநாள் பயிற்சி, அரசு அங்கீகாரச் சான்றிதழ் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சங்கத்தில் பாதிப்பேர் சரி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மொத்தம் 1,89,000 ரூபாய் ஆகிறது. கிட்டுக்குள் டார்ச், பிளாஸ்திரி, மெல்லிய நுரை வைத்த லைஃப் ஜாக்கெட் என்றுதான் இருக்கும். சான்றிதழைக் காட்டினால் தண்ணீர் வடிந்துவிடாது. முதலுதவியைச் செஞ்சிலுவைச் சங்கத்திலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலும் முறையாகக் கற்கலாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுத்தால் வந்து மீட்பு முறைகளைச் செய்துகாட்டுவார்கள். ஜூனிலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அக்டோபரில் போனால் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பதே பதிலாக இருக்கும்.

வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கரண்ட் போன பின்னாலேயே பல இடங்களில் டவரும் போய்விட்டது. ஒரு நோட்டுப் போடுங்கள். ஏழு வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு இன்சுலின், யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின், எந்த வீட்டுக்கு மாடி, யார் நர்ஸ், யார் எலக்ட்ரீஷியன், யாரிடம் பெரிய அண்டா என்று எழுதுங்கள். டயாலிசிஸ் செய்பவரை ரெட் அலர்ட் வந்த அன்றே மருத்துவமனைக்குப் பக்கத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நோட்டு இரண்டே பிரதி. அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டாம். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஊர் சுற்றக் கூடாது.

அண்டா எதற்கு என்று சிரிக்காதீர்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்களுக்கு முதலில் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது.

எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. நாலு பேர் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பழகட்டும்: நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இரண்டு பேர் குளோரின் கலக்கப் பழகட்டும்: 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வாய் திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. சாக்கடை புகுந்த சம்பில் பவுடரைக் கொட்டிப் பயனில்லை. இறைத்துக் கழுவித்தான் ஆகவேண்டும்.

மின்சாரத்திலும் உயிர் போகிறது. தண்ணீர் வாசற்படி ஏறுமுன் மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் வீட்டுக்குள் கரண்ட் ஓடும். ஈபி கரண்ட் நின்றதாக நினைத்து இன்வெர்ட்டர் தானே வேலையைத் தொடங்கிவிடும்! அதன் சுவிட்சைத் தனியாக அணைத்து, பேட்டரி வயரையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, பேட்டரியை உயரத்தில் ஏற்றுங்கள். மாடியில் சோலார் இருந்தால் வெயில் உள்ளவரை பேனலிலிருந்து இறங்கும் வயரில் மின்சாரம் இருக்கும். அதன் ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) எங்கே என்று இன்றே பார்த்து வையுங்கள். பேட்டரி இல்லாமல் ஈபியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். விற்ற ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஜெனரேட்டரை பிளக் பாயின்ட்டில் மாட்டி வீட்டு வயரிங்குக்குத் திருப்பிக் கரண்ட் ஏற்றாதீர்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறிய லைன்மேன் சாவார். மூடிய பார்க்கிங்கில் ஜெனரேட்டரை ஓட்டினால் புகையில் நீங்கள் சாவீர்கள்.

இன்னொன்று. டிவியில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் உங்களுக்குப் பெரிய லாபமில்லை. அதன் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், ஆறு ஓடும் திசையில் உங்களைத் தாண்டிய பிறகு. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் ஏரிப் பக்கத்துத் தண்ணீர். போனில் வரும் எச்சரிக்கையோ பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்கும் ‘கனமழை’ என்று ஒரே வரி. மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்று அவசர உதவி எண்கள் உண்டு. அடித்துப் பாருங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். தெருமுனைக் கல்வெர்ட்டில் (சிறுபாலத்தில்) 10 செ.மீ.க்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, மழை நாளில் மணிக்கொரு தடவை அளவை எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு கோடு ஏறினால் மாடி இல்லாதவர்களைக் கிளப்ப வேண்டியதுதான்.

சங்கப் பணத்தில் வாங்க வேண்டியவை: தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு (நைலான் மூழ்கும்), ஒரு மெகாபோன், வீட்டுக்கு ஒரு விசில், பேட்டரி ரேடியோ ஒன்று, பிளீச்சிங் பவுடர். யாராவது முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.