மாரியில் வீடும் வளவும்: வன்னிக் கேள்விகளுக்குப் பதில்

விசுவமடுப் பக்கம் இரண்டு ஏக்கர் காணி, நாலு மாடு, கொஞ்சம் கோழி, மரவள்ளி, கச்சான் என்று இருக்கிறேன். மேசன் வேலையும் செய்கிறேன். மாரி மழை, மார்கழிக் குளிர் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

மல்லாவியிலிருந்து: அண்ணை, தகரம் போன வருசம்தான் மாற்றினோம், ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் விடியப்புறம் படுக்கையில் சொட்டுகிறது, மழை இல்லாத நாளிலும். எங்கே பிழை?

மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறது என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது தங்கச்சி. அது ஒழுக்கு இல்லை, தகரம் வியர்க்கிறது. மார்கழி, தை இரவில் வானம் வெளித்திருந்தால் தகரம் கெதியாகக் குளிர்ந்துவிடும், உள்ளே ஐந்தாறு பேர் விடுகிற மூச்சு, ஈர உடுப்பு, அடுப்படி ஆவி எல்லாம் மேலே போய் அதில் பட்டுத் தண்ணீராகிறது. விடிய நாலு மணிக்கு ரோச் அடித்துப் பாருங்கள். ஆணி அடித்த இடத்தில் மட்டும் ஈரம் என்றால் ஒழுக்கு. உட்பக்கம் முழுக்கக் கடுகு தூவினது போல முத்து முத்தாக நின்றால் வியர்வை. அதற்குத் தார் பூசிப் பயனில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் குளிருக்குப் பயந்து சாக்கு அடைத்திருப்பீர்கள், அதை எடுத்துவிட்டு வலை அடியுங்கள், காற்றுப் போகட்டும். சிலாகையோடு சேர்த்துக் கீழே கிடுகு கட்டினால் இன்னும் நல்லது, சித்திரை வெயிலுக்கும் அது உதவும். அடுப்புக்கு மேலே மட்டும் கட்ட வேண்டாம், நெருப்புப் பயம்.

ஒட்டுசுட்டானிலிருந்து: 2022 புயலில் எங்களுக்கு மூன்று மாடு போனது. கையில் காசு குறைவு. கொட்டிலுக்குக் குறைந்தது என்ன செய்ய வேண்டும்?

அந்த நாட்கள் எனக்கும் மறக்காது தம்பி. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் கால்நடைகள் குளிரில் செத்தன. வன்னியில் அப்படி ஒரு குளிர் வரும் என்று ஆர் நினைத்தோம்? ஆனால் குளிர் தனியே கொல்வதில்லை. நனைந்த உடம்பு, விடாத காற்று, வயிற்றில் தீன் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் மாடு விழும். காலபோகத்துக்கு வயலெல்லாம் விதைத்துவிட்டு மாட்டைக் காட்டுக்கரைக்குத் தள்ளிவிடுகிறோம், அங்கே ஒதுங்க இடமில்லை, மெலிந்ததும் கன்றும்தான் முதலில் போகும்.

காசு இருக்கிற அளவுக்கு, முதலில் நிலத்தைப் பாருங்கள். சேற்றில் படுக்கிற மாட்டுக்கு மேலே எவ்வளவு நல்ல கூரை போட்டாலும் வயிறு ஈரம்தான். ஒரு அடி கிறவல் கொட்டி இடித்து, நாலு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு வையுங்கள். பிறகு கூரை, பழைய தகரம் போதும். நாலு பக்கமும் அடைக்க வேண்டாம், மூத்திர நெடி தேங்கி வேறு வருத்தம் வரும். வாடைக்காற்று அடிக்கிற வடக்கும் கிழக்கும் மட்டும் மாட்டின் முதுகு மறைகிற உயரத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டுங்கள். தறப்பாளை மட்டும் நம்ப வேண்டாம், பெருங்காற்றில் அது முதல் இரவே கிழிந்துவிடும்.

அப்புறம் வைக்கல். நனையாத இடத்தில் பரண் கட்டிச் சேமியுங்கள். நார்த்தீன் செரிக்கும்போது மாட்டுக்கு உள்ளேயே சூடு பிறக்கிறது, அதனால் புயல் என்று அறிவித்தால் அன்று பின்னேரமே வயிறு நிறையப் போட்டுவிடுங்கள். கன்றின் காதைத் தொட்டுப் பாருங்கள். காதும் குளிர்ந்து, வாய்க்குள் விரல் விட்டால் அதுவும் குளிர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது, காய்ந்த சாக்கால் அழுத்தித் தேய்த்துத் துடைத்து, உலர்ந்த வைக்கலில் கிடத்தி மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். விறைத்துக் கிடக்கிற கன்றின் வாயில் பால் பருக்காதீர்கள், புரையேறிச் செத்துவிடும்.

நெடுங்கேணியிலிருந்து: மண் சுவரின் அடி கரைந்துகொண்டே போகிறது. சீமெந்து பூசலாமா அண்ணை?

பூசாதீர்கள். என் பழைய குசினிச் சுவருக்கு நானே பூசினேன். இரண்டாவது மாரியில் கையால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம், ஒரு வெடிப்பில் விரல் விட்டேன், உள்ளே மண் களியாக இருந்தது, அடுத்த கிழமை பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது, பின்னால் அரைச் சுவரும் போயிருந்தது. மண் சுவர் மழைக்கு ஈரத்தைக் குடிக்கும், வெயிலுக்கு வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடி கரைவது பெரும்பாலும் தாழ்வாரத்திலிருந்து விழுகிற தண்ணீர் நிலத்தில் பட்டுத் தெறிப்பதால்தான். ஆகவே கூரையை இரண்டரை அடியாவது வெளியே நீட்டுங்கள், தண்ணீர் விழுகிற கோட்டில் கருங்கல் சல்லி பரப்புங்கள், அதற்கு அப்பால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வளவின் தாழ்ந்த பக்கத்துக்கு விடுங்கள். சுவரைப் புற்றுமண், சாணி, நறுக்கிய வைக்கல் குழைத்து மாசியில் பூசுங்கள். இப்போது பூசினால் காயாது.

கனகராயன்குளத்திலிருந்து: பீலி போட்டு மழைத் தண்ணீர் பிடித்தால் செலவுக்குப் பெறுமதியா?

பெறுமதிதான். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். எட்டு மீற்றருக்கு ஐந்து மீற்றர் கூரை என்றால் 50 மில்லிமீற்றர் மழைக்கு 2000 லீற்றர், சிந்துவது போக 1600 பிடிக்கலாம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள், தொட்டி வாயை நுளம்பு போகாத வலையால் இறுக்கிக் கட்டுங்கள்.

தர்மபுரத்திலிருந்து: மழைக்குப் பாம்பு வீட்டுக்குள் வருகிறது. வெள்ளைப்பூடு கரைத்துத் தெளித்தால் வராதா?

அதை நம்பிப் படுக்காதீர்கள் அக்கா. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், உலர்ந்த இடத்துக்கும். விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காமல் தள்ளி வையுங்கள், கதவின் கீழ் இடைவெளிக்குப் பலகை அடியுங்கள், நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் வைக்க வேண்டாம். பிள்ளைகளை வெறும் நிலத்தில் படுக்க விடாதீர்கள், கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிடுங்கள். எட்டடி விரியன் இரவில் படுத்திருப்பவரைத்தான் கூடுதலாகக் கடிக்கும், கடித்த இடம் நோகாமலும் இருக்கும். விடிய எழும்பி வயிற்று நோ, கண் இமை திறக்க முடியவில்லை என்று ஆராவது சொன்னால் கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி.

பூநகரியிலிருந்து: பனையோலைக் கூரை இரண்டு இடத்தில் இத்துப்போய்விட்டது. இப்போதே பிரித்து மேயலாமா?

வேண்டாம். மழைக்குள் பிரித்தால் வளையும் கைமரமும் நனையும். இத்த இடத்துக்குள் இரண்டு புது ஓலையை மேல் வரிசைக்குக் கீழே செருகிக் கட்டி, மேலே தறப்பாள் போட்டு மாரியைக் கடத்துங்கள். புது ஓலையை வருகிற ஆவணிக்குள் மேய்ந்து முடித்தால் சரி.