வெருகலில் நின்ற இருவர்

அன்புள்ள ஐயா,

கடந்த ஆடி மாதம் நண்பர்கள் ஒன்பது பேர் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் சைக்கிளில் போனோம். விடிய நாலரைக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 130 கிலோமீற்றர் ஓடி, பின்னேரம் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. (இருவர் மட்டும் இயலாமல் வெருகலில் நின்று பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.) அடுத்து ஒரே நாளில் 200 கிலோமீற்றர் ஓட ஆசை. அதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? கியர் சைக்கிள் கட்டாயம் வேண்டுமா? வழியில் எதைச் சாப்பிடுவது? நீங்கள் ஒருகாலத்தில் நிறையச் சைக்கிள் ஓடியவர் என்று அப்பா சொன்னார்.

வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

அப்பாவை நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். வாகரைப் பக்கத்து ஆடி வெயில் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைக் கடந்து கல்லடி வரை போயிருக்கிறீர்கள். மனம் நிறைந்து பாராட்டுகிறேன்.

ஆனால் கூட வந்த சினேகிதர் இருவரை அடைப்புக்குறிக்குள் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற வரிகள் எல்லாம் நழுவிப் போயின, அந்த ஒரு வரி மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. ஏன் இயலாமல் போனது? யார் அவர்களோடு நின்றது? பஸ் வரும்வரை இருந்தீர்களா? ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை.

கியர் சைக்கிள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. மட்டக்களப்பு வரைக்கும் ஏறி இறங்க மலையா இருக்கிறது? சாப்பாட்டுக்கு வாழைப்பழமும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும், மத்தியானம் கொஞ்சம் சோறும் போதும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். இவை எல்லாம் சின்ன விஷயங்கள்.

பெரிய விஷயம் காற்று. ஆடியில் இங்கே கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, தெற்கே போகிறவனை வலப்பக்கம் முன்னாலிருந்து அறையும். சமதரையில் மணிக்கு 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவனுடைய பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. இன்னொருவனின் பின்சில்லை ஒட்டி ஓடினால் அந்தப் பலத்தில் கால்பங்கு, சிலவேளை மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சும். ஆகவே பலசாலி முன்னே போய்க் காற்றை வாங்க வேண்டும். சில நிமிடங்களில் அவன் விலகிப் பின்னால் வர, அடுத்தவன் முன்னே போக வேண்டும். களைத்தவனை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நடுவில் வைக்க வேண்டும். காற்று வலப்பக்கமிருந்து வரும்போது அவன் முன்னவனுக்குச் சற்று இடப்புறமாக ஒதுங்கி ஓடினால்தான் மறைப்புக் கிடைக்கும். நம் நாட்டில் அது வீதியோரம், வாகனத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. பலமுள்ள நாலைந்து பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு பறந்திருப்பீர்கள். வாலில் விடுபட்ட இருவரும் முழுக் கச்சானையும் தனியே நெஞ்சில் வாங்கியிருப்பார்கள். அந்த இருவரும் உங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாக உழைத்து வெருகலில் விழுந்தவர்கள் தம்பி. இயலாதவர்கள் என்று எழுதாதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வெருகல் முருகன் திருவிழாவுக்குச் சைக்கிளில் போவோம். கிண்ணியாவில் இப்போதுள்ள 396 மீற்றர் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அன்று பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் சைக்கிள்கள் அக்கரை போகும். அதற்கப்பால் கங்கை, இறால்குழித் துறைகளிலும் அதே கதை. எவ்வளவு வேகமாக ஓடி வந்தவனும் துறையில் நின்றே ஆக வேண்டும், பின்னால் வருகிறவன் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவான். சேர்ந்து போகும் பழக்கத்தை அந்த ஆறுகள் எங்கள் காலில் கட்டிவிட்டன. இன்று பாலத்தில் ஒரே மூச்சில் போய்விடுகிறீர்கள். பாலம் வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான், பாதைக்குக் காத்திருந்து வழியிலேயே போன உயிர்களை இந்த மண் கண்டிருக்கிறது. ஆனால் ஆறு நிறுத்தாத இடத்தில் நீங்களாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களை அனுப்பிவைத்த சைக்கிள் கடைக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். காற்றடிக்கும் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் எல்லோருக்கும் ஒன்றுதான், அது ஆக மெதுவாக ஓடுகிறவனின் கரியரில்தான் போகும். கிளிவெட்டி தாண்டிக் கிரவல் வீதியில் முன்னே பறந்த ஒருவனுக்குக் காற்றுப் போய்விட்டது. பின்னால் வருகிறவன் தலை தெரியும்வரை வெயிலில் குந்தியிருந்தான். அதற்குப் பிறகு அவன் யாரையும் விட்டுவிட்டு ஓடியதை நான் காணவில்லை. பாவம், நல்ல மனுஷன் அந்தக் கடைக்காரர், எங்களுக்கு ஒட்டுப்போட்டுத் தந்ததற்குக் காசு வாங்கியதே இல்லை.

பிரான்சில் 1904இல் தொடங்கிய ஓடாக்ஸ் என்ற சவாரி முறை ஒன்று உண்டு. தலைவன் மணிக்கு 22.5 கிலோமீற்றர் வேகத்தில் கூட்டத்தை நடத்துவான், அவனைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை. தொடங்கியவர் வேறு யாருமல்ல, அதற்கு முந்திய ஆண்டு தூர் த பிரான்ஸ் பந்தயத்தை உண்டாக்கிய ஹென்றி தெகிறாஞ். பந்தயத்தையே தொழிலாகக் கொண்ட மனிதர், சேர்ந்து போவதற்கும் தனியாக ஒரு முறை வேண்டும் என்று கண்டிருக்கிறார். உங்கள் 200 கிலோமீற்றரை அந்த முறையில் ஓடுங்கள்.

அதற்கு முதல் அந்த இருவர் வீட்டுக்கும் போங்கள். போனில் செய்தி அனுப்பி ஒப்பேற்ற வேண்டாம். அவர்களையும் வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் நிலாவெளி வரை ஓடத் தொடங்குங்கள், பிறகு எழுதுங்கள், பயிற்சிக் கணக்கை வரிவரியாக எழுதி அனுப்புகிறேன். புரட்டாதிக்குள் முடித்துவிடப் பாருங்கள், மாரி தொடங்கினால் வெருகல் பக்கம் வெள்ளம் வீதிக்கு ஏறிவிடும்.