வில்லிஸ் ஜீப்பின் பட்டாளத்து இன்ஜின்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகளை மறுபடி ஓட வைக்க முயல்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இரண்டு வண்டிக்கும் ஒரே இன்ஜின்தான், பெயர் 'கோ டெவில்'. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன். இருபது வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இன்ஜினோடுதான் போகின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளை விற்கும் டிஸ்போசலில் தாத்தா வாங்கிய ஜீப் இது. வில்லிஸா, ஃபோர்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (குன்னூர்)

ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து, சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டி போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. அப்புறம் ஒரு துணியில் தின்னரை நனைத்து போல்ட் தலைகளைத் துடைத்துப் பாருங்கள். நாலைந்து அடுக்கு பெயின்டுக்குக் கீழே சின்னதாக 'எஃப்' எழுத்து தெரிந்தால் அந்தப் பாகம் ஃபோர்டு செய்தது. முன் கிரில்லில் ஒன்பது பிளவு இருக்க வேண்டும். ஏழுதான் என்றால் அது போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த வண்டியின் முகம்.

இன்ஜின் எண் ஒரு கம்பெனி, சேஸிஸ் இன்னொரு கம்பெனி என்று இருந்தால் மனம் தளர வேண்டாம். பட்டாளத்துப் பணிமனைகளில் ஓவர்ஹால் செய்யும்போது கைக்குக் கிடைத்த இன்ஜினை மாட்டிவிடுவார்கள். அதுவும் உங்கள் வண்டியின் வரலாறுதான்.

அண்ணே, 18 வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டி. இன்ஜின் ஜாம். கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா? (போடி)

தயவுசெய்து வேண்டாம். இறுகிப்போன பிஸ்டனைச் சக்கரத்தின் பலத்தால் இழுத்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

இந்த இன்ஜினின் அழகே இந்த இடத்தில்தான் இருக்கிறது. இது சைடு வால்வ் இன்ஜின். வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மேலே இருக்கும் ஹெட் வெறும் இரும்பு மூடி. தண்ணீரை வடித்து, நட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால் நான்கு பிஸ்டனும் எட்டு வால்வும் கண்ணெதிரே வந்துவிடும். வால்வ் டைமிங் எதுவும் கலையாது.

நான் முதலில் திறந்த இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரின் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு துரு வளையம். மற்ற மூன்றும் பளபளவென்று இருந்தன. அந்த ஒரு எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தபடியே நின்றுபோய், வருடக்கணக்கில் ஈரக்காற்று உள்ளே போயிருக்கிறது. மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டேன். தினமும் முன்னால் ஹேண்டிலை மாட்டி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தேன். எட்டாம் நாள் காலை கால் சுற்று நகர்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். பிளாக்கை ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அளந்து பார்க்காமலே நேராக 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கிவிட்டார்கள். 20 தௌ எடுத்திருந்தாலே துரு வளையம் போயிருக்கும். இந்த பிளாக்குகளை யாரும் இனி வார்க்கப் போவதில்லை என்று நினைத்து நடந்துகொள்ள வேண்டும். நான்கு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதி வாங்குங்கள். வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில் விரிசல் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு போரிங் செய்வதா என்று முடிவெடுங்கள்.

பெட்ரோல் கட்டுப்படி ஆகாது, டீசல் இன்ஜின் மாட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். (கோவை)

ஒரு காலத்தில் பிழைப்புக்காக மலைப்பாதையில் ஆளும் மூட்டையும் ஏற்றியவர்கள் டீசல் மாட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. மாதம் இரண்டு நாள் ஓட்டப்போகிற உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மூன்று கியர் டி-84 பாக்ஸ் இந்த 60 குதிரைக்கே அளவாகச் செய்தது. டீசலின் இழுப்பும் அதிர்வும் அதற்குத் தாங்காது. கியர் பாக்ஸை மாற்றுவீர்கள், பிறகு இன்ஜின் மவுன்டிங்குக்காகச் சேஸிஸை வெட்டுவீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2021-ல் வந்த விண்டேஜ் விதியில் 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டவும் முடியாது. டீசல் மாட்டிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். என்னைக் கேட்டால், அந்த இன்ஜினை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஜீப் வடிவத்தில் ஒரு தகரப் பெட்டி.

6 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் முக்குகிறது. 12-க்கு மாற்றிவிடவா? (மதுரை)

முதலில் கேபிளைப் பாருங்கள். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பு. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் கேபிள் இதற்கு ஒல்லி. கட்டைவிரல் தடிமனில் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய முறுக்குங்கள். பத்தில் எட்டு வண்டி இதிலேயே சரியாகிவிடும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஆகுமா? (திருச்சி)

இன்ஜினுக்கு ஆகும். இதன் கம்ப்ரஷன் 6.48-க்கு 1 தான். எந்த பெட்ரோலிலும் தட்டாது. பிரச்சினை ரப்பரில். ஈ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஊற வைத்துப் பிய்த்துவிடும். வைட்டான் ரப்பரில் செய்ததை வாங்கி மாட்டுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

வெயில் காலத்தில் ஏற்றத்தில் நின்றுபோகிறது என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பம்ப் இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) இருக்கும் அதே இடது பக்கம். சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகிவிடும். ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டு பத்து நிமிடம் காத்திருங்கள். லைனை மேனிஃபோல்டிலிருந்து தள்ளி வளைப்பதுதான் நிரந்தர வழி.

கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, பக்கத்து டிரான்ஸ்ஃபர் பெட்டியில் நிரம்பி வழிகிறது. எங்கே தப்பு? (சேலம்)

டிரான்ஸ்ஃபர் பெட்டி என்பது கியர் பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுப்பது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பேரிங், சீல் வழியாக ஆயில் இடம் மாறுகிறது. வெளியே சீல் மாற்றிப் பயன் இல்லை. இரண்டையும் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போதே டிரான்ஸ்ஃபர் பெட்டியின் நடு ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள், படி தட்டினால் ஷாஃப்டையும் நீடில் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். இந்தப் பழைய மாடலில் அந்த ஷாஃப்ட் முக்கால் அங்குலம்தான்.

இடது பக்க வீல் நட்டு கழலவே மாட்டேன் என்கிறது, ஒன்று முறிந்தும் போச்சு! (தேனி)

இடது பக்கச் சக்கரங்களுக்கு மரை இடது. வலப்புறமாகத் திருகினால்தான் கழலும். உங்கள் சக்கரம் இரண்டு பாதியாக போல்ட் போட்டு இணைத்த காம்பாட் ரிம் என்றால், காற்றை முழுதாக இறக்கி, வால்வ் ஊசியையும் பிடுங்கிய பிறகே அந்த நட்டுகளில் ஸ்பேனர் வைக்க வேண்டும். காற்றோடு கழற்றினால் ரிம்மின் பாதி ஆளின் முகத்துக்குத்தான் வரும்.

தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் போட்டு ஓட்டலாமா ஐயா? (கம்பம்)

கூடாது. முன், பின் ஆக்ஸில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் நடுவில் கிடையாது. திருப்பத்தில் முறுக்கு ஏறி, லீவரைக்கூட எடுக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். சேறு, மணல், ஈரப்புல்லில் மட்டும் போடுங்கள்.

ஓவர்ஹால் முடிந்து இன்ஜின் ஓடுகிறது. டிக் டிக் என்று ஒரு சத்தம். (ஈரோடு)

பெரும்பாலும் டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதைத் தூக்கும் டேப்பெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள பக்கத் தகடைக் கழற்றுங்கள். அந்த இடைவெளியில் 14 தௌ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும். அதைவிட இறுக்கிவிடாதீர்கள். சத்தம் போடுகிற வால்வ் பிழைத்துக்கொள்ளும், சத்தமே இல்லாமல் இறுகி நிற்பதுதான் கருகும். தகடைத் திரும்ப மாட்டும்போது புது பேக்கிங் போடுங்கள். அங்கே ஒழுகினால் ஆயில் சொட்டுவது சூடான எக்ஸாஸ்ட் பைப் பக்கம்.