எஞ்சினை மாற்றினேன், ஜீப்பைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழைய மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப் வாங்கினோம். ஓபன் பேப்பரில்தான், அதாவது பெயர் மாற்றாமல்தான் வாங்கினோம். வாகனப் பதிவுச் சான்றான சீஆர் புத்தகத்தில் இன்னும் பதுளைக்காரர் ஒருவரின் பெயர்தான் இருக்கிறது. போன வருஷம் ஏற்றத்தில் சூடேறி எஞ்சின் போய்விட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு டொயோட்டா 3எல் எஞ்சின் வாங்கி, வீட்டு வாசலில் வைத்து நானும் நண்பனும் பூட்டினோம். ஸ்பிரிங் உயர்த்தி, பெரிய டயர் போட்டு, முன்னால் எல்இடி பாரும் வைத்தோம். வீதிச் சோதனையில் எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று ஜீப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த மாதம் நீதவான் நீதிமன்றத்தில் தவணை. எஞ்சினை மாற்றியது குற்றமா? ஒரு தரகர், வேறு ஜீப்பின் புத்தகமும் அதன் செசியில் (அடிச்சட்டத்தில்) இலக்கம் உள்ள துண்டும் தருகிறேன், ஒட்டிக்கொள் என்கிறார். எஞ்சின் மாற்றியதிலிருந்து பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகி இருக்கிறது. அதைச் சொன்னால் வழக்கு கெடுமா? பக்கத்து வீட்டார் எண்ணெய் ஓடையில் போகிறது என்று முறையிட்டும் இருக்கிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் அந்தத் தரகரோடு பேசுவதை இன்றே நிறுத்துங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது சரிசெய்யக்கூடிய ஒரு பத்திரக் குறை. இன்னொரு வண்டியின் செசி இலக்கத்தை வெட்டி உங்கள் செசியில் ஒட்டினால் அது இலக்கத்தை மாற்றி மோசடி செய்த குற்றமாகிவிடும். அதுவும் ஜீப் நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் அப்படி ஒரு பேச்சே இருக்கக்கூடாது. அவர் தொலைபேசியில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம், பதிலும் போட வேண்டாம்.

எஞ்சினை மாற்றுவதை நம் நாட்டுச் சட்டம் தடைசெய்யவில்லை. வீட்டு வாசலில் வைத்துச் செய்ததும் குற்றமில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒரு வாகனம் அதன் எஞ்சின் இலக்கத்தோடும் செசி இலக்கத்தோடும் சேர்த்துத்தான் பதியப்படுகிறது. இரும்பில் ஒன்று மாறினால் புத்தகத்திலும் அது மாற வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றம், நிற மாற்றம், பொடி மாற்றம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் இருக்கிறது. நீங்கள் ஸ்பானரை எடுத்த அன்று அந்த விண்ணப்பத்தை எடுக்கவில்லை. உங்கள் தவறு அவ்வளவுதான். ஆனால் சோதனையில் நின்ற பொலிஸ்காரருக்கு அது அப்படித் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்பின் விலை எங்கேயோ போய்விட்டது. இரண்டு மூன்று வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரு புத்தகத்தின் கீழ் ஓட்டும் ஒட்டு வண்டிகளை பொலிசின் வலான ஊழல் ஒழிப்புப் பிரிவும் மற்றப் பொலிசாரும் தேடிப் பிடிக்கிறார்கள். இலக்கம் பொருந்தாத ஜீப் என்றால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அதனால் தவணைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குச் சமர்ப்பித்த பீ அறிக்கையின் பிரதியை எடுங்கள். அதில் எஞ்சின் மாற்றத்தை அறிவிக்கவில்லை என்று மட்டும் இருக்கிறதா, செசி இலக்கத்திலும் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். முன்னது மட்டும்தான் என்றால் அநேகமாகத் தண்டப்பணத்தோடும் திருத்தப் பதிவோடும் முடியக்கூடிய விஷயம். செசியிலும் சந்தேகம் என்றால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்கள், அறிக்கை வர மாதக்கணக்கு ஆகலாம். அந்த நிலையில் சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எழுத வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், பழைய லேண்ட் ரோவர் ஒன்றுக்கு வர்ணம் பூச ஆசைப்பட்டு, செசியில் துருவைக் கிரைண்டரால் சுரண்டினார். துரு போனது. கூடவே இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்தும் போனது. அவர் ஒரு குற்றமும் நினைத்திருக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் கிரைண்டர் கல் இழுத்த வட்டக் கோடுகள் பளபளவென்று தெரிந்தன. அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வேண்டுமென்றே அழித்ததென்றுதான் சொல்வார்கள். வழக்கு முடிந்து வண்டி வெளியே வருவதற்குள் அதன் பொனட்டின் மேல் கொடி படர்ந்துவிட்டது. வீட்டில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: செசி இலக்கம் இருக்கும் இடத்தில் கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள், படமும் பிடித்து வையுங்கள். பழைய எஞ்சினை இறக்கியதும் அதன் இலக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். உங்கள் பழைய 4டீஆர்5 எஞ்சின் இப்போது எங்கே இருக்கிறது? பழைய இரும்புக்காரரிடம் போகாமல் வாசலோரத்தில் கிடந்தால் அது உங்களுக்குப் பெரிய சாட்சி. புத்தகத்தில் இருக்கும் இலக்கம் கொண்ட எஞ்சினை நீதவான் முன் காட்ட முடிந்தால், வண்டி ஒட்டு வண்டி இல்லை என்பதற்கு அதுவே பாதி பதில்.

மீதிப் பாதி புது எஞ்சினின் பிறப்புச் சான்று. பஞ்சிகாவத்தைக் கடைக்குப் போய், எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லும், அந்த எஞ்சின் நாட்டுக்குள் வந்த சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள். வெறுமனே எஞ்சின் ஒன்று என்று எழுதிய துண்டுச் சீட்டு போதாது. உள்நாட்டில் பதிந்த வேறொரு வாகனத்திலிருந்து கழற்றியதாக இருந்தால், அந்த வாகனத்தின் பதிவு விபரமும் அதன் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். கடைக்காரர் தயங்கினால் விடாதீர்கள். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத இடத்தில் சுங்கச் சட்டமும் களவுப் பொருள் சந்தேகமும் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது ஓபன் பேப்பர். உண்மையில் எனக்கு எஞ்சினைவிட இதுதான் அதிகக் கவலை. கைப்பற்றிய பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி நீதவான் தீர்மானிப்பார். வைத்திருக்க உரித்துள்ளவர் யார் என்று பார்க்கும்போது முதலில் தேடுவது பதிவு உரிமையாளரைத்தான். உங்கள் அப்பா பணம் கொடுத்தவர், ஆனால் பத்திரத்தில் அவர் இல்லை. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். விற்றவர் எம்டீஏ 8 படிவத்தையும் வாங்கியவர் எம்டீஏ 6 படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷமாக அது நடக்கவில்லை.

எனவே பதுளைக்காரரைத் தேடிப் போங்கள், தொலைபேசியில் பேசினால் போதாது. அவர் நல்ல மனிதராக இருந்தால், ஜீப்பை இன்ன திகதியில் விற்றேன், அதை இவரிடம் விடுவிப்பதில் எனக்கு மறுப்பில்லை என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்து, தவணைக்கும் வருவார். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் வழியாகப் போக வேண்டும், அதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். புத்தகத்தில் அவர் பெயரோடு லீசிங் நிறுவனம் ஏதாவது முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் அவர்களுடைய விடுவிப்புக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. இவையெல்லாம் கையில் இருந்தால் உங்கள் சட்டத்தரணி நீதிமன்றத்தில் ஒரு நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டு, வழக்கு முடியும்வரை பிணைமுறியில் ஜீப்பைக் கேட்கலாம். அதே நேரம் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கைக்கும் உத்தரவு கேளுங்கள். எஞ்சின் மாற்றத்தைப் பதிவதற்குப் பின்னால் அந்த அறிக்கை உதவும்.

சரி, பிரேக். நீங்கள் தயங்கித் தயங்கி ஒரு வரியில் எழுதிய விஷயத்தை நான் இரண்டு முறை படித்தேன். டீசல் எஞ்சினில், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனியாக ஒரு பம்ப் உண்டாக்க வேண்டும். 3எல் போன்ற எஞ்சின்களில் அந்தப் பம்ப் மின்சாரம் உண்டாக்கும் ஒல்டர்நேட்டரின் பின்னால் சேர்ந்தே இருக்கும். பம்ப் இல்லாத வேறு ஒல்டர்நேட்டரைப் பூட்டினாலோ, குழாயை மாற்றிக் கொடுத்தாலோ, குழாய் எங்காவது வெடித்திருந்தாலோ பூஸ்டர் செத்துவிடும். பெடல் நீங்கள் சொல்வது போலக் கட்டையாகத்தான் நிற்கும். ஜீப் கைக்கு வந்ததும் பார்ப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த ஜீப் வாசலைத் தாண்டக்கூடாது.

இதைச் சொன்னால் வழக்கு கெடுமா என்று கேட்டீர்கள். இந்த வழக்கு எஞ்சின் இலக்கத்தைப் பற்றியது. பிரேக்கைப் பற்றி நீங்களாக வாக்குமூலம் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் சட்டத்தரணியிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதகர் நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆனால் ஜீப் கைக்கு வந்ததும் பிரேக்கைச் சரிசெய்யாமல் ஒரு வளைவுகூட இறங்காதீர்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியில் பஸ் மோதி ஏழு பேர் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நம் வீதிகளில் பிரேக் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பெடல் இறுகுகிறது என்று தெரிந்தே ஓட்டி ஒருவருக்கு ஏதாவது ஆனால், அதைத் தற்செயல் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லி நிற்க முடியாது. கவனயீனத்தால் மரணம் விளைவித்த வழக்கை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். இறந்தவரின் அம்மா நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்ப்பக்கத்துக்கு வாதாடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். எஞ்சின் மாறியதும் உயரம் கூட்டியதும் அவர்களுக்குத் தெரியாது என்றால், நாளை உங்கள் ஜீப்புக்கு ஏற்படும் சேதத்தைத் தர மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். வார இறுதியில் சுற்றுலாக்காரர்களைக் காசுக்கு ஏற்றிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

எல்இடி பாரைக் கழற்றிவிடுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து கூடுதல் விளக்கு, சத்தமான சைலன்சர், ஹோர்ன் எல்லாவற்றின் மீதும் பொலிசார் கடுமையாக இருக்கிறார்கள். தவிரவும் நம் பக்கத்துப் பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்கும் டயரையும் பரிசோதகர் வருவதற்கு முன் பழைய அளவுக்கு மாற்றிவிடுவது நல்லது. அனுமதி கேட்டுத்தான், ஜீப் பொலிஸ் வளவில் இருக்கும்போது நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டார் விஷயத்தைச் சண்டையாக்காதீர்கள். கழிவு எண்ணெய் ஓடையில் போனால் பொதுத் தொல்லை என்று அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம், சுற்றாடல் சட்டமும் இருக்கிறது. அந்த ஓடையில்தான் கீழ் லயத்தில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒரு பழைய பீப்பாயும் மரத்தூளும் வாங்கி வையுங்கள், எண்ணெயைச் சர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதால் ஜீப் வழக்கில் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

பொலிசில் இனி வாக்குமூலம் ஏதாவது கொடுக்க நேர்ந்தால், தமிழில் எழுதும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் முழுவதையும் வாசித்து விளக்கச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்து வையுங்கள். தமிழும் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் அந்த உரிமை எழுதியே இருக்கிறது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் அப்பாவின் வருமான விபரத்தோடு போய்க் கேளுங்கள்.

தவணை அன்று அப்பாவையும் அழைத்துப் போங்கள். சேமலாப நிதிப் பணம் வந்த வங்கிப் புத்தகத்தில் ஜீப்புக்காகப் பணம் எடுத்த திகதி இருக்கும். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அவருடைய அடையாள அட்டையோடு கொண்டுபோங்கள். ஜீப்பை யார் வாங்கினார் என்று கேட்டால் அவரே எழுந்து சொல்லட்டும்.